ஆர்லெத்தின் கடைக்கு ஊரே துணிச்செருப்போடு வந்த நாள்

ஆர்லெத் எனக்கு எப்படிச் சொந்தம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி லூசியும் ஆர்லெத்தும் அக்காள் தங்கை பிள்ளைகள். ஆர்லெத் வாழ்க்கைப்பட்டதோ ரெமி துஷேக்கு. ரெமியின் அப்பாவும் என் அப்பாவும் ஒரே கற்பலகைச் சுரங்கத்தில், ஒரே கூண்டில் இறங்கி ஏறியவர்கள். ஆக இரண்டு பக்கத்திலும் எனக்கு அவளிடம் உரிமை உண்டு. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

ஆன்ஜே நகரத்தில் மேன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் பேட்டை. பேட்டையின் நடுவில் பந்தாட்டச் சங்கம். எங்கள் ஆட்டக்களம் நீளமான கூரை ஓடு ஒன்றை மல்லாக்க வைத்த மாதிரி இருக்கும். நடுவில் பள்ளம், இரண்டு ஓரமும் மேடு. பந்துக்கும் ஒரு பக்கம் கனம் கூட. ஆகவே அது நேராக ஓடவே ஓடாது. உருட்டிவிட்டால் ஒரு மேட்டில் ஏறும், யோசிக்கும், இறங்கும், எதிர் மேட்டில் ஏறும். அந்தக் கடைசியில் இருக்கும் சின்னப் பந்துதான் குறி. அதன் பக்கத்தில் போய் நிற்பதற்குள் நீங்கள் மூக்கைச் சிந்திவிட்டு வந்துவிடலாம். களத்தில் ஒரு மணல் கிடந்தால்கூடப் பந்து வழி மாறிவிடும். அதனால் வீட்டுக்குள் போடுகிற துணிச்செருப்போடுதான் இறங்குவோம். தெருவில் நடந்த எதுவும் களத்தில் படக்கூடாது. மற்ற சட்டங்களை நாங்கள் மீறியிருக்கிறோம், இதை மட்டும் மீறியதில்லை.

அந்தக் காலத்தில் பெண்களுக்கு உள்ளே இடமில்லை. ஆர்லெத் பத்தொன்பது வயதில் ரயில் நிலையத்துச் சாப்பாட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அப்பாவுக்கு ரில்லோ கொண்டுவருவாள். பன்றியின் வயிற்றுக்கறியைத் துண்டு போட்டு அதன் கொழுப்பிலேயே மணிக்கணக்காக வேகவைத்தது. மூடியைத் திறந்தால் களத்தில் எல்லோரும் பந்தை மறந்துவிடுவார்கள். அதை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும். ஒரு நாள் அவள் போகவில்லை, ஜன்னலிலேயே நின்றாள். ரெமி தன் பந்தை உருட்டிவிட்டு, அதன் கூடவே குனிந்தபடி நடந்துகொண்டிருந்தான். "இப்படி வாடி தங்கம். அவசரப்படாத. அந்த மேட்டைப் பாத்துக்க. ஆங், அவ்வளவுதான்."

அன்று மாலை என் வீட்டுக்கு வந்து லூசியிடம் கேட்டாளாம். "அக்கா, ஒரு பந்துகிட்டயே இவ்வளவு பதமா பேசறவன் பொண்டாட்டிகிட்ட எப்படிப் பேசுவான்?"

"பந்து திருப்பிப் பேசாதுடி, அதான் பதமா பேசறான்" என்றாள் லூசி.

வருஷம் திரும்புவதற்குள் கல்யாணம். ரெமி கடைசி வரை அவளிடமும் அப்படியேதான் பேசினான், நான் சாட்சி. ஆறு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்தான்.

சங்கத்தில் ஒரு காலத்தில் நூற்றிருபது பேர். போன வருஷம் எண்ணினால் பத்தொன்பது. கூரை ஒழுகியது. இடத்தை வாங்கி, இடித்து, கார் நிறுத்துமிடம் கட்ட ஒருவர் தயாராக இருந்தார். என்ன செய்வது என்று பத்தொன்பது கிழவர்களும் உட்கார்ந்திருந்தபோது ஜன்னலைத் தட்டும் சத்தம். ஆர்லெத் நின்றிருந்தாள்.

"கதவு வழியா வாயேம்மா" என்றேன்.

"பொம்பளைங்க வரக்கூடாதுன்னு சட்டம் இருக்கே, தியோ மாமா?"

"அதை எடுத்து இருபது வருஷம் ஆச்சு."

"எனக்கு ஒருத்தரும் சொல்லலையே" என்றபடி கதவைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். ரயில் நிலைய வேலையை விட்டுவிட்டதாகவும், இந்த இடத்தைத் தன்னிடம் கொடுத்தால் சாப்பிட, குடிக்க, காலை நீட்டி உட்கார ஒரு நல்ல கடை வைப்பதாகவும் சொன்னாள். "சாயங்காலமானா இங்க இருக்கற பிள்ளைங்க எல்லாம் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போகுதுங்க. இந்தப் பக்கம் அதுங்களுக்கு என்ன இருக்கு? உங்க மூஞ்சிங்கதான் இருக்கு."

"களம்?" என்று ஒரே வார்த்தையில் கேட்டார் லெயாந்தர். ரெமியின் அண்ணன், சங்கத் தலைவர். சிரிப்பதற்குக்கூட வாக்கெடுப்பு வைப்பார்.

"களம் அப்படியே இருக்கும் அத்தான். வர்றவங்க விளையாடுவாங்க."

"ஆணி வெச்ச மாதிரி குதிகால் போட்டுக்கிட்டு வருவாங்களே, அவங்களா?"

"துணிச்செருப்பு போட்டுக்கிட்டு."

லெயாந்தர் மேஜைமேல் சாவியை வைத்தார். "திறப்பு நாள் அன்னிக்குப் பாக்கறேன். தெருவுல நடந்தது எதுவானாலும் சரி, ஒண்ணு, ஒரே ஒண்ணு களத்துல பட்டா, சாவி என் கைக்கு வரணும். அப்புறம் கார்க்காரனுக்குத்தான். கோயில் மணி ஏழு அடிக்கற வரைக்கும் கெடு."

"ஏழு வரைக்கும்" என்று ஆர்லெத் சாவியை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த எட்டு மாதம் பேட்டைக்கே தூக்கம் போயிற்று. அவள் மகள் மனோன் போர்தோவில் கடைகளுக்கு உள் அலங்காரம் செய்கிற வேலையில் இருந்தவள். லீவு போட்டுவிட்டு வந்தாள். முதல் நாளே களத்தின்மேல் கண்ணாடித் தளம் போட்டு மேஜை வைக்கலாம் என்றாள். "உங்க அப்பா தலைமேல மேஜை வைக்கலாம்னு சொல்லு" என்றாள் ஆர்லெத். அதோடு அந்தப் பேச்சு நின்றது. ஆனால் மற்றதில் மகள் கை ஓங்கிவிட்டது. சுவர்கள் ராத்திரி வானத்து நீலம். பதினோரு அடி நீளத்துக்கு எங்கள் சுரங்கத்துக் கற்பலகையையே இழைத்து ஒரு கவுன்டர். அதில் கையை வைத்தபோது என் அப்பாவின் தோளைத் தொட்ட மாதிரி இருந்தது. களத்தின் இரண்டு ஓரமும் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராத ஆழமான நாற்காலிகள். பின்முற்றத்தில் எலுமிச்சை மணம் அடிக்கும் பூமரத்தடியில் படுத்துக்கொள்ளும் நாற்காலிகள். அடுப்பிலிருந்து நேராக வரும் உப்பிய சின்ன ரொட்டி, அதைக் கிழித்து உள்ளே ரில்லோ. வெள்ளை ஒயின் எங்கள் பழைய சின்னக் குப்பியில்தான். கடைக்குப் பெயர் 'மெல்ல'.

திறப்பு ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை, நாலு மணிக்கு. துணிச்செருப்பைக் கையோடு கொண்டுவரும்படி அழைப்பில் தெளிவாக எழுதியிருந்தாள் மனோன். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஸினெப் என்கிற பெண், ஆறடிக்கு ஒரு விரல்தான் குறைவு, காலையில் வீட்டிலிருந்தே சிவப்புத் துணிச்செருப்பைப் போட்டுக்கொண்டு டிராமில் ஏறி, 'மெல்ல போகிறேன்' என்று எழுதித் தன் காலைப் படம் பிடித்துப் போனில் போட்டுவிட்டாள். அது எப்படியோ ஊரெல்லாம் பரவியது. மூன்றரை மணிக்கு நான் வாசலில் நின்று பார்க்கிறேன், பாலத்தின்மேல் ஒரு கூட்டம் வருகிறது. பட்டுச் சட்டை, கறுப்புக் கோட்டு, முதுகு தெரிகிற கவுன், கழுத்தில் முத்து. எல்லோர் காலிலும் துணிச்செருப்பு. முயல் காது வைத்தது, கட்டம் போட்டது, பஞ்சு பிதுங்கியது. கார்கள் நின்று ஹாரன் அடிக்கின்றன. இவர்கள் கை ஆட்டுகிறார்கள். என் எண்பத்து நாலு வயதில் இப்படி ஓர் ஊர்வலத்தை நான் பார்த்ததில்லை, ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் மதியம்தான் மழை பெய்து விட்டிருந்தது. ஒவ்வொரு செருப்பும் சேற்றுப் பணியாரம்.

லெயாந்தர் படிக்கு உள்ளே, என் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் காலில் நாற்பது வருஷத்துப் பழுப்புத் துணிச்செருப்பு. அதை அவர் பையில் கொண்டுவந்து உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார். "தெருவுல நடந்துட்டா அது செருப்பு இல்ல தியோ. அது பூட்ஸ்" என்றார்.

ஆர்லெத் வாசலுக்கு வந்தாள். நூறு பேருக்கு மேல் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை. திருப்பி அனுப்பினால் கடை முதல் நாளே செத்தது. உள்ளே விட்டால் சாவி போயிற்று.

"மாமா" என்று என் கையைப் பிடித்தாள். "இந்தப் பேட்டையில எந்த வீட்டுல எத்தனை காலு?"

அதைக் கேட்டாளே, அதற்காகத்தான் ஆண்டவன் எனக்குப் படிப்பைக் கொடுக்காமல் இதைக் கொடுத்திருக்கிறான். வாசல் படியில் உட்கார்ந்தேன். "ரொட்டிக்கடை கொஹியே வீட்டுல ஆறு ஜோடி கேளு. மூணு பையன், மூணும் நாந்த் ஊருக்குப் போயிட்டானுங்க, செருப்பு இங்கதான். அவன் சகலை ஷோவிரே மூலை வீடு, ரெண்டு பொண்டாட்டி கட்டினவன், நாலு ஜோடி வரும். மாடியில இருக்கற அவன் கொழுந்தியா காலு சின்னது, பொம்பளைங்களுக்கு ஆகும். தபால்காரர் பொம்பா ரெட்டைப் பிள்ளைக்காரர்..." மனோன் ஓடினாள். அவள் பின்னால் கறுப்புக் கோட்டுக்காரர்கள் ஓடினார்கள், சேற்றுச் செருப்போடே. பேட்டையில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. செருப்புகள் மழையாக விழுந்தன. எண்பது வயது மதாம் பொம்பா மேலிருந்து, "திருப்பிக் குடுக்கும்போது துவைச்சுக் குடுங்கடா, போன தடவை ராணுவத்துக்குக் குடுத்த கம்பளியே இன்னும் வரல" என்று கத்தினாள்.

அரை மணி நேரத்தில் வாசலுக்குள் செருப்புக் குவியல். ஒருத்திக்கு இடது கால் பச்சை, வலது கால் கட்டம். பட்டுச் சட்டைக்காரர் ஒருவர் செத்துப்போன கறிக்கடைக்காரரின் செருப்பைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்து, "இதுதான் எனக்கு இவ்வளவு நாளா இல்லாம இருந்தது" என்றார். ஈரச் செருப்புகளெல்லாம் கொடியில் தொங்கின. எல்லோருக்கும் கிடைத்துவிட்டது, அந்த நர்ஸ் பெண்ணைத் தவிர. அவள் காலுக்குப் பேட்டையில் அளவே இல்லை.

ஆர்லெத் மெதுவாகத் திரும்பி லெயாந்தரின் காலைப் பார்த்தாள்.

"ஏய், வேணாம்" என்றார் அவர்.

"அத்தான், இதை ஆரம்பிச்சதே அந்தப் பொண்ணுதான்."

"நாப்பது வருஷமா இதுல வேற காலு போனதில்ல."

"ஆஸ்பத்திரிக் காலுதான் தாத்தா, தினம் கழுவறது" என்றாள் ஸினெப்.

அவர் கழற்றிக் கொடுத்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பல்லைப் பிடுங்கிக் கொடுப்பதுபோல. பிறகு தன் பூட்ஸை மாட்டிக்கொண்டு, களத்துக்கு வெளியே மரத்தடுப்புக்குப் பின்னால் காவலாளி மாதிரி நின்றுகொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. ரொட்டி வந்தது, ரில்லோ வந்தது, குப்பிகள் வந்தன. கறுப்புக் கோட்டுகள் பந்தை உருட்டுகின்றன, பந்து அவர்களை ஏமாற்றிவிட்டு ஓரத்தில் போய்ப் படுக்கிறது, கூட்டம் சிரிக்கிறது. யார் கையிலும் போன் இல்லை; பந்து எங்கே போகும் என்று பார்க்கவே கண் போதவில்லை. கோயில் மணி ஆறு அடித்தது. ஆறரை. ஆர்லெத் அடுப்புக்கும் கவுன்டருக்கும் நடுவில் பறந்தாலும், அவள் கண் எல்லோர் காலிலும்தான்.

ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஸினெப் முறை வந்தது. லெயாந்தரின் செருப்போடு இறங்கி, ஒரு மாதிரி சாய்ந்து பந்தை விட்டாள். இடது மேட்டில் மிக உயரமாக ஏறியது. வெளியே போய்விடும் என்று எல்லோரும் பெருமூச்சு விட்டோம். போகவில்லை. உச்சியில் ஒரு கணம் நின்று, திரும்பியது. அந்த வளைவை நான் ரெமியின் கையில் பார்த்திருக்கிறேன், அதற்குப் பிறகு பார்த்ததில்லை. அப்போது ஒரு குரல் கேட்டது.

"இப்படி வாடி தங்கம். அவசரப்படாத. இறங்கு, இறங்கு, இன்னும் கொஞ்சம்."

லெயாந்தர் குனிந்தபடி, கண்ணில் நீரோடு, பந்தின் கூடவே நடந்துகொண்டிருந்தார். களத்தின் நடுவில். பூட்ஸோடு.

பந்து போய்ச் சின்னப் பந்தைத் தொட்டு நின்றது. யாரும் கை தட்டவில்லை. அவர் நிமிர்ந்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இருபதடிக்குச் சேற்றுத் தடம்.

ஆர்லெத் கவுன்டரை விட்டு வந்தாள். இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். "பேச்சு பேச்சுதான் அத்தான். யார் காலுன்னு நீங்க சொல்லல."

அவர் வாங்கிக்கொண்டார். மனோன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தியோ, நீ பாத்தியா?" என்று என்னிடம் கேட்டார்.

"பாத்தேன்."

"எல்லாரும் பாத்தாங்களா?"

"பாத்தோம் தாத்தா" என்றாள் ஸினெப். "அது கிடக்கட்டும், என் பந்து பட்டுதா இல்லையா, அதைச் சொல்லுங்க."

லெயாந்தர் அங்கேயே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. கைக்குட்டையால் தன் தடத்தைத் தானே துடைத்துக்கொண்டு, தவழ்ந்தபடி சின்னப் பந்து வரைக்கும் போனார். முகத்தைத் தரையோடு வைத்துப் பார்த்தார். "பட்டிருக்கு" என்றார். அப்போதுதான் கூரை பறக்கிற மாதிரி கை தட்டல்.

கோயில் மணி ஏழு அடித்தபோது அவர் கவுன்டருக்கு முன்னால் நின்றார். "சாவி என் கைக்கு வந்துடுச்சு. நான் வெச்ச கெடு முடிஞ்சுது. சரிதானே?"

"சரிதான்" என்றாள் ஆர்லெத்.

"இப்ப இதை நான் குடுக்கறேன். இந்தத் தடவ கெடு கிடையாது." கற்பலகைமேல் சாவியை வைத்துவிட்டு, "ஒரு சின்னக் குப்பி, ஒரு தட்டு ரில்லோ. அப்புறம் என் செருப்பு" என்றார்.

முதல் இரண்டும் உடனே வந்தன. செருப்புக்கு மட்டும் அவர் வெகுநேரம் ஓட்டைக் காலுறையோடு உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. ஸினெப் இன்னும் ஜெயித்துக்கொண்டே இருந்தாள்.