எண்ணெய் விடாத கப்பி

அடுத்த வீட்டுக் கிணற்றில் யாரோ தோண்டியை இறக்கித் தண்ணீர் கோருகிறார்கள். கப்பி கிறீச்சிடுகிறது. நிற்கிறது. மறுபடி கிறீச்சிடுகிறது. எழுதிக்கொண்டிருந்ததை வைத்துவிட்டு ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தேன். உட்கார முடியவில்லை. இந்தச் சத்தம் கேட்டால் என் உடம்புக்குள் பழைய தொழில் விழித்துக்கொள்ளும். எங்கோ ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது, கப்பியை யாரும் கவனிக்கவில்லை என்று கை பரபரக்கும்.

முப்பது வயதில் நான் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே வீடும் தென்னை நிற்கும் விளையும் முடித்துக் கொடுக்கும் தரகன். ஒரு சைக்கிள், ஒரு குடை, சட்டைப்பையில் தேங்காயெண்ணெய் நிறைந்த சின்னக் குப்பி. இவ்வளவுதான் என் ஆபீஸ். வீடு பார்க்க வருகிறவர் கூரையைப் பார்ப்பதற்கு முன் கிணற்றை எட்டிப் பார்ப்பார். ஒரு தோண்டி கோரி, வாயில் விட்டுக் கொப்பளித்து, கண்ணை மூடிக்கொண்டு ருசி பார்ப்பார். அந்த நேரத்தில் கப்பி முனகினால் வீடே முனகியதாக அவருக்குத் தோன்றும். அதனால் முந்தின நாளே போய் நான் எண்ணெய் விட்டுவிடுவேன். கயிறு பட்டுப்போல ஓடும். வாங்குகிறவரின் முகம் இளகும். வீட்டை மனிதர்கள் கண்ணால் வாங்குவதில்லை. காதால் வாங்குகிறார்கள், நாக்கால் வாங்குகிறார்கள், கடைசியில்தான் கண் வந்து கையெழுத்துப் போடுகிறது.

ஐம்பதுகளின் நடுவில் எல்லைப் போராட்டம் வந்தது. கிணற்றை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "இது எங்க போவும்?"

நிலம் எங்கே போகும்? நான் குனிந்து பார்த்தேன். அது காலடியில் அப்படியே கிடந்தது, மேலே நாலு பலாவிலையோடு. ஆனால் கேள்வி எல்லோருக்கும் புரிந்தது. இந்த இடம் மதராசோடு சேருமா, மலையாளத்தோடு நிற்குமா? காலையில் சந்தை முக்கில் ஒரு ஊர்வலம், மாலையில் அதே முக்கில் போலீஸ் வண்டி. ஒரே ஆள் மீன்காரியிடம் மலையாளத்தில் பேரம் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து தமிழில் அவளைத் திட்டுகிற ஊர் எங்களுடையது. அப்படிப்பட்ட ஊரின் குறுக்கே கோடு போட யாரோ தூரத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாட்களில் ஒரு டீச்சர் என்னைத் தேடி வந்தார். மிஷன் பள்ளியில் சின்ன வகுப்புக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பவர். கணவர் ஊர்வலத்தில் போய் இரண்டு மாதம் சிறையில் இருந்தவர். அதன்பிறகு அவர்களுக்கு வாடகைக்கு வீடு தர எல்லோருக்கும் பயம். ஏழாவது வீட்டையும் ஒழித்துத் தரச் சொல்லிவிட்டார்கள். இனி எவரும் இறங்கச் சொல்ல முடியாத வீடு வேண்டும், அதுவும் தமிழ்ப்பக்கம் போகிற இடத்தில் வேண்டும் என்றார். வேறு எதையும் கேட்கவில்லை. கதவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்றுகூடக் கேட்கவில்லை.

என் கையில் அப்போது ஒரே ஒரு நல்ல வீடுதான் இருந்தது. பாறசாலையில், களியக்காவிளைக்கு நடந்தே போகிற தூரம். வீட்டுக்காரர் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், மலையாளம் பேசுகிற குடும்பம். எங்களிடம் எங்கள் பேச்சிலேயே பேசுவார். இடம் மதராசுக்குப் போய்விட்டால் வயதான காலத்தில் பென்ஷனுக்குப் புது ஆபீஸ், புது மனுஷர்கள் என்று அலைய முடியாது, நெய்யாற்றின்கரையில் மகளிடம் போய்விடலாம் என்று விற்க நினைத்தார்.

இங்கேதான் நான் செய்த காரியத்தைச் சொல்லவேண்டும். "இந்த இடம் மதராசுக்குத்தான் போகும்போல" என்ற ஒரே வாக்கியத்தைப் பெரியவரிடம் துக்கமாகச் சொன்னேன், டீச்சரிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் பயந்து விற்கச் சம்மதித்தார், இவர் நம்பி வாங்கச் சம்மதித்தார். அச்சாரப் பணம் கைமாறியது. சுத்தப் பொய் என்றும் சொல்லமாட்டேன். நானும் ஊர்வலத்தின் வால்பக்கம் நடந்தவன், அப்படித்தான் ஆகும் என்று நம்பியவன். ஆனாலும் நம்பிக்கைக்கு இரண்டு குரல் கொடுத்தது தொழில்.

அச்சாரத்துக்கு முன்பே, வீட்டைக் காட்டுவதற்கு முந்தின நாள், எண்ணெய்க் குப்பியோடு போயிருந்தேன். பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கப்பிக்கு மட்டும் எண்ணெய் விடக்கூடாதாம். கிழக்கு வீட்டுக்கும் மேற்கு வீட்டுக்கும் கிணறு இல்லை. கப்பி சத்தம் கேட்டால் வேலியில் விட்டிருக்கிற இடைவெளி வழியாகக் குடத்தோடு வந்துவிடுவார்கள். கூப்பிட வேண்டாம், அவர்களும் கேட்க வேண்டாம். கப்பி அந்த வேலையைச் செய்துகொள்ளும். நான் குப்பியைப் பையில் போட்டுக்கொண்டேன், அரைமனதாக.

பிறகு ஒரு மழைநாளில் பத்திரிகை வந்தது. எல்லைக்கென்று போட்ட ஆணையத்தின் முடிவு அதில் இருந்தது. விளவங்கோடுவரை மதராசோடு அந்தப்பக்கம். நெய்யாற்றின்கரை தாலுகா மலையாளத்தோடு இந்தப்பக்கமே. பாறசாலையும் இந்தப்பக்கமே. டீக்கடையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். நான் இரண்டு நாள் சைக்கிளை வெளியே எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் பெரியவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று போனேன். கிணற்றடியில் அவரும் டீச்சரும் நின்றிருந்தார்கள். டீச்சர் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

"வாரும், வாரும்" என்றார் பெரியவர். "உமக்க கதையத்தான் ரெண்டு பேருமாட்டு ஒத்துப் பாத்துட்டு நிக்கோம். எனக்ககிட்ட துக்கமாட்டு சொன்னீரு. டீச்சர்கிட்ட சந்தோஷமாட்டு சொன்னீராம். இதுல உமக்க சொந்த மொகம் எது வேய்?"

"பாவம், விடுங்க ஐயா" என்றார் டீச்சர். "அண்ணாச்சி ரெண்டு மொகத்தையும் தொடைச்சு வச்சிட்டு வந்திருக்காவ, பாருங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் இல்லை, அச்சாரத்தைத் திருப்பி வாங்கித் தருகிறேன், வீடு பெரியவருக்கே இருக்கட்டும் என்றேன். சொல்லிவிட்டு டீச்சரைப் பார்த்தேன். அவர் கை கயிற்றைப் பிடித்திருந்தது. அடுத்த வாரம் ஏழாவது வீட்டை ஒழித்துத் தர வேண்டும். எட்டாவது வீடு எங்கும் இல்லை.

அவர் தோண்டியைக் கிணற்றில் இறக்கினார். கப்பி கத்தியது. கோரி எடுத்து, கையால் அள்ளிக் குடித்தார். போராட்டம் வந்தபிறகு என் கண்முன் தண்ணீரை ருசி பார்த்த முதல் ஆள் அவர்தான்.

"எனக்கு இந்த வீடு வேணும் ஐயா. கோட்டுக்கு அந்தப்பக்கம் தமிழ் சொல்லிக் குடுக்க ஆளு நெறைய உண்டு. இஞ்ச உள்ள பிள்ளியளுக்குத்தானே இனி ஆளு வேணும்."

வேலியின் இடைவெளியில் ஒரு பெண் குடத்தோடு வந்து நின்றாள். கப்பி கூப்பிட்டிருக்கிறது. டீச்சர் யாரென்று கேட்காமல், மீதித் தண்ணீரை அந்தக் குடத்தில் சாய்த்தார்.

பெரியவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வேலியின் இடைவெளியைக் காட்டி, வாங்கினபிறகு அதை அடைத்துவிடுவீர்களா என்று கேட்டார்.

"ஏழு வீட்டுல எனக்க முன்னால கதவ அடைச்சிருக்காவ. நான் ஒண்ணையும் அடைக்க மாட்டேன்."

"பின்ன எடுத்துக்கிடுங்க" என்றார் அவர். என் பக்கம் திரும்பினார். "பயமும் பேடியும் ஒரு சாக்காக்கும் மக்கா. மவ மூணு வருஷமாட்டு வா வான்னு விளிக்கா. கோட்டுமேல பழி போட்டாத்தான் எனக்குக் கால் எழும்பிச்சு."

அன்றைக்கு எனக்குள் ஏதோ இடம் மாறி உட்கார்ந்தது. அதன்பிறகு யார் "எங்க போவும்" என்று கேட்டாலும், தெரியாது, தண்ணீர் நல்ல தண்ணீர் என்று மட்டும் சொன்னேன். தொழில் கொஞ்சம் மெலிந்தது. தூக்கம் தடித்தது. டீச்சரின் கணவர் முற்றத்தில் முருங்கை நட்டார். சாயங்காலங்களில் கிழக்கு வீட்டுப் பிள்ளைகளும் மேற்கு வீட்டுப் பிள்ளைகளும் அதன் கீழே மணலில் எழுதினார்கள், வீட்டில் எந்தப் பாஷை பேசுகிறவர்களானாலும். இப்போதும் அந்த வழியாகப் போனால் சைக்கிளை நிறுத்துகிறேன். அ, ஆ என்று கேட்கும். நடுவில் கப்பியும் சேர்ந்துகொள்ளும்.

பெரியவர் வீட்டை ஒழித்த காலை இன்னும் கண்ணில் இருக்கிறது. மாட்டுவண்டியில் ஒரு கட்டில், இரண்டு அண்டா, கயிறு போட்டுக் கட்டிய ஒரு அலமாரி. சாவியை என் கையில் தரவில்லை, நேராக டீச்சரின் கையில் வைத்தார். என் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, குப்பி இருந்த இடத்தை விரலால் ஒருமுறை சுண்டினார். வண்டியில் ஏறி உட்கார்ந்து, டீச்சரைப் பார்த்துச் சொன்னார்:

"கப்பிக்கு எண்ணெய் விடப்படாது, கேட்டீளா?"

"விடமாட்டேன் ஐயா. ஆனா சத்தம் நெய்யாற்றின்கரை வரைக்கும் எட்டாது. தாகம் எடுத்தா நீங்களாட்டு வந்திரணும்."