எழுந்து நில்லம்மா என்றேன்

கைதட்டலுக்காக ஒரு பெண்ணைக் காட்டிக் கொடுத்தவள் நான். ஆம், வெறும் கைதட்டலுக்காக!

திருக்காட்டுப்பள்ளியில் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து ஓர் இல்லம் நடத்தினோம். வேலை என்று ஏமாற்றி வெளியூரில் விற்கப்பட்டு, பிறகு மீட்கப்பட்ட பெண்களுக்குத் தங்க இடமும் தையல் பயிற்சியும் தந்தோம். நான் அதன் செயலாளர். புருஷனும் பிள்ளையும் இல்லாத எனக்கு அந்தப் பதவிதான் குடும்பம்.

வசந்தா பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெண். ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை பொய்த்து, குத்தகை நிலமும் கைவிட்டுப் போன வருடம், மில் வேலை என்று சொல்லி ஒரு தரகன் அவளை அழைத்துப் போனான். பூட்டிய வீடொன்றிலிருந்து போலீசார் மீட்டு எங்களிடம் சேர்த்தார்கள். அதற்குமேல் சொல்ல மாட்டேன். ஒருமுறை சொன்னது போதும்!

அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"அக்கா, ஊருல நான் மில்லுல இருக்கேன்னுதான் நெனச்சுக்கிட்டிருக்காங்க. அது அப்படியே இருக்கட்டுங்க. தங்கச்சி கல்யாணம் முடியிற வரைக்குமாவது..."

"என் வாயிலேருந்து வராதும்மா" என்றேன்.

தங்கைக்கு முகூர்த்த ரவிக்கையை அவளே தைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு ஊருக்குப் போகப் போகிறோம் என்ற நினைப்பிலேயே அவள் முகம் தெளிந்திருந்தது.

அப்போதுதான் இல்லத்தின் ஆண்டு விழா வந்தது. அமைச்சர் வருகிறார், பந்தல் காலியாக இருக்கலாமா? கட்சிக்காரர்களிடம் சொல்லி, மாவட்டமெங்கும் வேன் அனுப்பிப் பெண்களை வரவழைத்ததும் நான்தான். எந்தெந்த ஊருக்கு வேன் போகிறது என்று கேட்டேனா? கேட்கவில்லை.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அடுக்குமொழியில் வெளுத்து வாங்கினார்கள். பந்தல் அதிர்ந்தது. அறிக்கை வாசிக்க வந்த என்னை யார் கவனித்தார்கள்? முறுக்கைக் கடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசினார்கள். எனக்கு எரிச்சல்... அவமானம்... அறிக்கையை மடித்து வைத்துவிட்டு, பெயரைச் சொல்லாமல் வசந்தாவின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். பந்தல் அடங்கியது. ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாமே!

"அந்தப் பெண் வேறெங்கும் இல்லை. இதோ, முன்வரிசையில் இருக்கிறாள். வசந்தா... எழுந்து நில்லம்மா!"

அவள் எழுந்து நின்றாள். அக்கா சொன்னால் கேட்கிறவள்தானே! அப்படியொரு கைதட்டலை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. இனித்தது... பொய் சொல்ல மாட்டேன், இனித்தது.

பின்வரிசையில் அவள் ஊர்ப் பெண்கள் இருவர் இருந்திருக்கிறார்கள்.

அந்த வாரமே அவளுடைய அப்பா வந்தார். வாசலைத் தாண்டவில்லை.

"மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சுபோச்சுங்கம்மா. இவ தலையக் காட்டாம இருந்தாத்தான் கல்யாணமாம்..."

வசந்தா உள்ளே போய், தைத்து முடித்த ரவிக்கையைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் அதைத் துண்டுக்குள் மறைத்து எடுத்துப் போனார்.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்?

"ஒன்னப் பத்திப் பெருமையாத்தானேம்மா சொன்னேன்" என்றேன்.

"ஆமாங்கக்கா" என்றாள்.

கல்யாணம் முடிந்த கையோடு வேலை தேடி வெளியூர் கிளம்பிவிட்டாள். எந்த ஊர் என்று சொல்லவில்லை. என்னிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? ஊருக்கெல்லாம் சொல்லித் தொலைக்கிறவள் ஆயிற்றே நான்!

இல்லம் இப்போது வேறு கைகளில் நன்றாகவே நடக்கிறது. நான் இந்த வீட்டில் தனியே இருக்கிறேன். பேச ஆசையாகத்தான் இருக்கிறது... ஆனால் யாராவது நம்பி ஒன்றைச் சொல்ல வாயெடுத்தால் போதும், "என்கிட்ட சொல்லாதீங்க" என்று எழுந்து உள்ளே போய்விடுவேன். வந்துகொண்டிருந்தவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அன்று கைதட்டல் ஓய்ந்த பிறகும் நான் பேசிக்கொண்டே போனேன். அமைச்சர் வந்தார், எனக்குப் பொன்னாடை போர்த்தினார், போட்டோ எடுத்தார்கள்... அவ்வளவு நேரமும், அத்தனை கண்களுக்கு நடுவே அவள் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரம்மா என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது சொல்கிறேன். இந்த வெறும் வீட்டில் வாய்விட்டே சொல்கிறேன்... அவள் உட்கார மாட்டேன் என்கிறாள்.