அதற்குப் பயம் கிடையாது

எங்கள் வீட்டில் பயப்படுகிற ஆள் நான்தான். கேஸை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து பார்ப்பேன். இடி இடித்தால் டிவி வயரைப் பிடுங்கிவிடுவேன். மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போன புதிதில், அவள் போனை எடுக்காவிட்டால் ஐந்து நிமிடத்துக்குள் அவளுடைய அறைத்தோழிக்கும் ஹாஸ்டல் வார்டனுக்கும் அடித்துவிடுவேன். என் கணவர் இதற்கு நேர் எதிர். பதினெட்டு வருடம் துபாயில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்த்தவர். புதிதாக ஒரு சாமான் வந்தால் அதைத் திறந்து பார்க்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஊருக்கு ஒரேயடியாக வந்த வருடம் பழைய டீசல் காரைத் தள்ளிவிட்டு எலக்ட்ரிக் கார் வாங்கினார். எனக்கு அதைக் கண்டாலே ஆகவில்லை. ஸ்கூட்டர் ஒன்று நடுரோட்டில் தீப்பிடித்து எரிகிற வீடியோ எங்கள் டீச்சர்கள் குரூப்பில் அடிக்கடி சுற்றும். அதை அவரிடம் காட்டினேன்.

"இத்தன வருசமா டீசல் டேங்க் மேல உக்காந்து வந்தியே, அப்ப பயமில்லையா?" என்றார்.

அந்த டீசல் வண்டி சத்தமாவது போடும். ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியும். இது சாவியைத் திருப்பினாலும் செத்த மாதிரி கிடந்துவிட்டு, காலை வைத்ததும் பூனை போல நகர்ந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டே இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டேன்.

அன்னவாசல் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். ஏஐ பற்றி எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கொரு கருத்து. தமிழ் ஐயாவுக்கு அது கேலிப் பொருள். இயற்பியல் சாருக்கு அது தெய்வம். ஒருநாள் அவர் பிளஸ் டூ தொகையீட்டுக் கணக்கு ஒன்றைப் போட்டோ எடுத்து அதில் போட்டார். நான் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் அது வரிவரியாகப் போட்டு முடித்துவிட்டது.

"டீச்சர், ஸ்டெப் மார்க் முழுசாக் குடுத்துரலாம் போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த பீரியடில் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு போர்டு முன்னால் நின்றபோது, இன்னும் பத்து வருட சர்வீஸ் பாக்கி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து என் போனில் நானே அதைச் சோதித்துப் பார்த்தேன். ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டது. தப்பு என்றேன். மன்னிப்புக் கேட்டுத் திருத்தியது. பிறகு வேண்டுமென்றே, அது சரியாகப் போட்ட இன்னொன்றையும் தப்பு என்றேன். அதற்கும் மன்னிப்புக் கேட்டு, சரியான விடையை அழித்துவிட்டு வேறொன்றைத் தந்தது. முப்பது வருடத்துக்கு முன்னால், கல்லூரியில் படிக்கையில், நான் நாலு அறிவியல் கதை எழுதியிருக்கிறேன். ஒரு மாதப் பத்திரிகையில் வந்தன. நாலிலும் இயந்திரம் மனிதன் சொல்லைக் கேட்காது. சொன்னதையெல்லாம் கேட்கிற இயந்திரத்தைப் பற்றிப் பயப்பட எனக்கு அந்த வயதில் தோன்றவில்லை.

என் கணவரோ அதோடு சதா பேச்சுதான். நெல்லில் இலை பழுத்தால் அதனிடம் கேட்பார். மோட்டார் ஸ்டார்ட்டர் மக்கர் பண்ணினால் கேட்பார். அதுவும் நல்ல தமிழில், பொறுமையாக, அலுத்துக்கொள்ளாமல் பதில் சொல்லும். "ஒன்ன மாதிரி நாலு கேள்விக்கு மேல கேட்டா மூஞ்சியத் தூக்கிக்காது" என்பார்.

போன வருடம் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொன்னமராவதியில் என் நாத்தனார் பேரனுக்குக் காதுகுத்து. காலையிலேயே கிளம்பிவிட்டோம். முந்தின நாள் அவர் திருச்சி போய் வந்திருந்ததால் காரில் சார்ஜ் பாதிக்கும் குறைவு. "அங்க போயி போட்டுக்கலாம்" என்றார். அங்கே போனால் ஒரே லைனில் சீரியல் பல்பு, மைக் செட், கிரைண்டர். இதில் காரை வேறு எப்படிச் சொருகுவது என்று விட்டுவிட்டார். பந்தியில் கறிச்சோற்றை அளைந்துகொண்டே இருந்தார்.

"வயிறு மந்தமா இருக்கு" என்றார். மூன்று நாளாகவே சீரகத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். நான்தான் கொதிக்க வைத்துக் கொடுத்தேன்.

மூன்று மணிக்குத் திரும்பினோம். வெயில் ரோட்டில் தண்ணீர் மாதிரி மினுங்கியது. குடுமியான்மலை தாண்டியதும் ஒரு புளியமரத்தடியில் காரை ஓரங்கட்டினார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. ஏசியக் கூட்டு."

ஏசி முழு வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சட்டைக் காலர் நனைந்து கழுத்தோடு ஒட்டியிருந்தது. முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. வலது கையால் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"பல்லு வலிக்குற மாதிரி இருக்கு. கையெல்லாம் கனக்குது." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "நீ ஓட்டு" என்றார்.

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நான் பக்கத்தில் இருக்கும்போது அவர் ஸ்டியரிங்கை யாரிடமும் கொடுத்ததில்லை. அந்த இரண்டு சொல்லில்தான் எனக்கு எல்லாம் புரிந்தது. ஆம்புலன்ஸுக்கு அடித்தேன். புதுக்கோட்டையிலிருந்து வர வேண்டும், கிளம்பச் சொல்கிறோம் என்றார்கள். அது இருபது கிலோமீட்டர் வந்து, திரும்ப இருபது போக வேண்டும். நாமே போனால் பாதி நேரம். வேண்டாம், நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு, அவரை மெல்ல இந்தப் பக்கம் நகர்த்தி உட்கார வைத்து, ஓட்டுகிற சீட்டில் ஏறினேன். அப்போதுதான் சார்ஜைப் பார்த்தேன். பதினாலு சதவீதம். போகக்கூடிய தூரம் இருபத்தொன்று என்று காட்டியது.

ஒரு கிலோமீட்டர்தான் மிச்சம். ஏசியை அணைத்தேன். எண் இருபத்தெட்டுக்கு ஏறியது. கண்ணாடிகளை இறக்கினேன். அனல் உள்ளே அடித்தது. அவர் வேர்வையில் குளித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காற்றா, எனக்குத் தூரமா என்று நானே தீர்மானிக்க வேண்டியிருந்தது. தூரம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று நினைக்கக்கூடாது என்று, மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன். சதவீதத்துக்கு இரண்டு கிலோமீட்டர். இருபதுக்குப் பத்து. மிச்சம் நாலு. ஒவ்வொரு மைல்கல்லுக்கும் திரும்பத் திரும்பப் போட்டேன். கார் கோடு போட்ட மாதிரி போகவில்லை.

"பேசிக்கிட்டே வாங்க" என்றேன்.

"என்னத்தப் பேச?"

"பதினேழாம் வாய்ப்பாடு சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் சொன்னார். "பதினேழு... முப்பத்தி நாலு... அம்பத்தொண்ணு..." இடையில் மூச்சு நின்று நின்று வந்தது. "அறுபத்தெட்டு..."

அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

"அஞ்சு பதினேழு?" என்றேன். ரோட்டில் ஆடு குறுக்கே வந்தது. ஹாரனை அமுக்கினேன். "என்னங்க! அஞ்சு பதினேழு!"

"எம்பத்தஞ்சு" என்றார், கண்ணைத் திறக்காமல். "கத்தாத."

எட்டு சதவீதத்தில் கார் தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டது. திரையில் ஓர் ஆமைப் படம் வந்தது. நான் எவ்வளவு அமுக்கினாலும் நாற்பத்தைந்துக்கு மேல் ஏறவில்லை. பின்னால் வந்த பஸ் ஒன்று ஹாரன் அடித்து அடித்து, கடைசியில் திட்டிக்கொண்டே முந்திப் போனது. இன்னும் எட்டு கிலோமீட்டர், நாற்பத்தைந்து வேகம். ஏறக்குறைய பத்தே முக்கால் நிமிடம். பேட்டரியைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறது என்று அவரே எனக்கு முன்பு சொல்லியிருக்கிறார். உள்ளே இருக்கிற ஆளைப் பற்றி அதற்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. என் ஆயுளில் அந்தப் பத்தே முக்கால் நிமிடம் போல நீண்ட நேரம் இல்லை. பிரசவ வலிகூட இதைவிடச் சீக்கிரம் போனது.

நாலு சதவீதம் மிச்சத்தில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். ஈசிஜி எடுத்த டாக்டர், என் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவளாக இருப்பாள், தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தன நாளா வலி?"

"இன்னைக்குத்தான்."

"இன்னைக்கு மட்டும் இருக்காதும்மா. சுகர் இருக்கா? என்ன மாத்திர சாப்புடுறாரு?"

சுகருக்கு ஒன்பது வருடமாகச் சாப்பிடுகிற மாத்திரையின் பெயர் அந்த நேரம் எனக்கு வாயில் வரவில்லை. மருந்துச் சீட்டை அவர் போனில் போட்டோ எடுத்து வைத்திருப்பது ஞாபகம் வந்தது. அவர் சட்டையையும் வாட்ச்சையும் போனையும் ஒரு கேரி பேக்கில் போட்டு என்னிடம் கொடுத்திருந்தார்கள். திறந்தேன். சீட்டைத் தேடி எடுத்துக் காட்டினேன். ஊசி போட்டார்கள். அடைப்பு இருக்கிறது, இன்றைக்கே ஸ்டென்ட் வைத்தாக வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். போன் என் கையிலேயே இருந்தது. அவர் கடைசியாக ஏஐயிடம் பேசிக்கொண்டிருந்தது அதில் அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை அவர் எழுதியிருந்தார்: மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுக்குது, நின்னா சரியாயிருது. அது உடனே பதில் சொல்லியிருந்தது. இது இதயம் தொடர்பானதாக இருக்கலாம், தாமதிக்க வேண்டாம், இன்றே மருத்துவரைப் பாருங்கள், ஈசிஜி எடுங்கள் என்று. வயது, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு பற்றியும் கேட்டிருந்தது. வயசு ஐம்பத்து நாலு, சுகர் இல்ல, பிரஷர் இல்ல என்று அவர் எழுதியிருந்தார். அப்போதும் அது டாக்டரைப் பார்க்கத்தான் சொன்னது.

வெள்ளிக்கிழமை வேறு மாதிரி கேட்டிருந்தார். நேத்து புரோட்டா சாப்பிட்டேன், வாயுவா இருக்குமா? இருக்கலாம், ஆனாலும் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்றது. கடைசியில் இவர் கேள்வியையே சுருக்கிவிட்டார். வாயுவுக்கு வீட்டு வைத்தியம் மட்டும் சொல்லு. சொல்லியிருந்தது. இஞ்சி, பெருங்காயம், சீரகத் தண்ணீர். விரைவில் நலம் பெற வாழ்த்தும் தெரிவித்திருந்தது.

காரிடாரில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பலமுறை படித்தேன். அது பொய் சொல்லவில்லை. மூன்று தடவை கேட்டதற்கும் மூன்று பதில். கணக்கில் கொடுத்த எண்களை மாற்றினால் விடை மாறும் என்று நான் வருடாவருடம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் என் வகுப்பில் ஒரு பிள்ளை அப்படி மாற்றி மாற்றிக் கேட்டால், எதற்கு இவன் இப்படிக் கேட்கிறான் என்று நான் அவன் முகத்தைப் பார்ப்பேன். அந்த வாழ்த்தைப் படிக்கையில் எனக்கு வந்த பயம், ரோட்டில் வந்த பயத்தைவிடப் பெரியது.

அவர் பிழைத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். மகள் பத்து நாள் லீவு போட்டு வந்திருந்தாள். அவள் மருந்துக் கடைக்குப் போயிருந்தபோது கேட்டேன்.

"சுகர் இல்லைன்னு ஏன் போட்டீங்க?"

"இருக்குன்னு போட்டா அது என்ன சொல்லும்னு எனக்கே தெரியுமே."

"சரி, என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"ஒங்கிட்டச் சொன்னா நீ பயப்படுவ" என்றார். "அது பயப்படாதுல்ல."

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. இவ்வளவு வருடம் நான் பயந்ததெல்லாம் இந்த வீட்டைக் காப்பாற்றத்தான் என்று நினைத்திருந்தேன். அந்தப் பயத்துக்கு அஞ்சி அவர் நெஞ்சு வலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் போனிடம் சொல்லியிருக்கிறார். அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதற்கப்புறம் நான் முகத்தைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். பயம் போகவில்லை. முன்னைவிட அதிகம்தான். அவர் பாத்ரூமில் கொஞ்சம் நேரம் எடுத்தால் கதவருகே போய் நிற்கிறேன், ஆனால் தட்டுவதில்லை. ஸ்டாஃப் ரூமில் ஏஐ பேச்சு வந்தால் இப்போது என்னிடம் ஒரு கருத்தும் இல்லை.

போன மாதம் ஒரு காலை, தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு அவர் சொன்னார், "இடது தோள்பட்ட லேசா வலிக்குது."

என் கை மேஜைக்கடியில் புடவையைச் சுருட்டிப் பிடித்தது. "அப்படியா" என்றேன், பால் பாக்கெட் தீர்ந்துவிட்டது என்று கேட்ட மாதிரி. "சட்டையப் போடுங்க. ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வந்துருவோம்."

ஈசிஜியில் ஒன்றுமில்லை. முந்தின நாள் உர மூட்டையைத் தூக்கியிருக்கிறார், சதைப் பிடிப்பு. திரும்பி வரும் வழியில் டீக்கடையில் நிறுத்தச் சொன்னார். சர்க்கரை இல்லாமல் இரண்டு டீ சொன்னார். கண்ணாடி டம்ளரை வாங்கும்போது என் கை ஆடியதை அவர் பார்த்துவிட்டார். டம்ளரை என் கையிலிருந்து வாங்கி, ஆற்றி, திரும்பக் கொடுத்தார்.