ரப்பர் வாஷர்

முதலில் வந்தது வாடைதான். கீரமங்கலம் மார்க்கெட்டில் மல்லிகையும் சம்பங்கியும் மூட்டை மூட்டையாக என் வேனில் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டையில் போய் இறக்குவது என் பிழைப்பு. வண்டிக்குள் எப்போதும் பூ வாசம் நிற்கும். அந்த மாதம் அதையும் மீறி அழுகிய முட்டை வாடை அடித்தது. மூட்டையை இறக்க வந்த கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னண்ணே, பூவோட கூமுட்டையும் ஏத்திட்டு வாரீங்களா? இந்த மாலைய சாமிக்குப் போட்டா சாமி எந்திரிச்சு ஓடிரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதில் சொல்ல வராதபோது சிரித்துவிடுவது என் பழக்கம்.

சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். பேட்டரியின் இரண்டு பக்கமும் உப்பியிருந்தது. தொட்ட விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டேன், அவ்வளவு சூடு. மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீர் பாதிகூட இல்லை. ஊற்றி நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

என் தங்கையின் வீட்டுக்காரர் ஆலங்குடியில் ஆட்டோ எலக்ட்ரீசியன் கடை வைத்திருக்கிறார். வண்டியில் ஒரு பல்பு எரியவில்லை என்றாலும் நான் அவரிடம்தான் போக வேண்டும். மாப்பிள்ளை கடை இருக்கும்போது வேறு கடை வாசலில் என் வண்டி நின்றால், சாயங்காலத்துக்குள் தங்கைக்குச் செய்தி போய்விடும். அது அவரை அவமானப்படுத்துகிற காரியம். எனக்கு அப்பா, அம்மா இல்லை. கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் வேறு கடையை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை பேட்டரியைப் பார்த்துவிட்டு, "இது வயசாயிருச்சு மச்சான், மாத்திருவோம்" என்றார். மாற்றினோம். பானெட்டைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"என்ன மச்சான், புதுப்பொண்ணு மாதிரி சோடிச்சு வச்சிருக்கீங்க?"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முந்தின மாதம்தான் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்காக வண்டிக்குப் பெயிண்ட் அடித்திருந்தேன். எஃப்.சி. என்றால் எங்கள் பக்கம் எல்லோரும் வெளியே மட்டும்தான் அடிப்பார்கள். நான் பெயிண்டரிடம் கொடுக்கவில்லை. அவரிடம் பேசி, குறை சொல்லி, மறுபடி அடிக்கச் சொல்வதற்கெல்லாம் எனக்கு வாய் கிடையாது. நானே நான்கு நாள் உட்கார்ந்து அடித்தேன். என்ஜின் பக்கம் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி, துருவைச் சுரண்டி, தகடு முழுக்கக் கறுப்பு அடித்தேன். பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கும் டைனமோவுக்கு வெள்ளி நிறம். அந்தக் கரண்டை அளவோடு விடுகிற, தகட்டில் மாட்டியிருக்கும் ரெகுலேட்டரையும் கழற்றி, அதற்கு அடியிலும் இரண்டு கோட்டிங். திரும்ப மாட்டும்போது பெயிண்ட் கீறிவிடக் கூடாதே என்று பழைய சைக்கிள் டியூபை வெட்டி வாஷர் செய்தேன். தகட்டுப் பக்கம் ஒன்று, போல்ட் தலைப் பக்கம் ஒன்று. வண்டியைப் பார்க்க வந்த அதிகாரி பானெட்டைத் திறக்கவே இல்லை.

புது பேட்டரியும் மூன்று வாரத்தில் கொதித்தது. இந்த முறை ஹெட்லைட் பல்பு இரண்டும் சேர்ந்து போயின. ஆக்சிலேட்டரை மிதித்தால் டேஷ்போர்டு வெளிச்சம் பளீரென்று ஏறும். மாப்பிள்ளை மீட்டரை வைத்துப் பார்த்தார். பதினாலு வோல்ட்டில் நிற்க வேண்டியது பதினாறைத் தாண்டி ஓடியது.

"ரெகுலேட்டர் போயிருச்சு" என்றார். புதியது வாங்கி, அதைத் தகட்டில் மாட்டாமலே தொங்கவிட்டு, ஒரு கிளிப் ஒயரை அதன் உடம்புக்கும் என்ஜினுக்கும் போட்டு ஓட்டிப் பார்த்தார். மீட்டர் பதினாலில் அசையாமல் நின்றது. அந்த நேரம் ஸ்டார்ட் ஆகாத ஒரு மினி பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். டிரைவர் கத்தினார், பயணிகள் கத்தினார்கள். மாப்பிள்ளை கிளிப்பைக் கழற்றிக்கொண்டு ஓடினார். "ரெண்டு போல்ட்டுதான் மச்சான், நீங்களே மாட்டிருங்க."

மாட்டினேன். வாஷர்களைத் தவறாமல் போட்டு மாட்டினேன். அவர் திரும்பி வந்தபோது பானெட்டை மூடியிருந்தேன்.

சில நாள் சரியாக ஓடும். குலுங்கிய பாதையில் போய் வந்தால் மறுபடி வாடை. மூன்றாம் முறை மாப்பிள்ளை டைனமோவை இறக்கினார். "காயில் சூடு பட்டிருக்கு, புதுசா சுத்திருவோம்" என்று இரண்டு நாள் கடையில் வைத்திருந்தார். கடையில் மற்ற வேலையைத் தள்ளிவிட்டு அவரே சுற்றினார். பெட்ரோலில் கழுவி எடுத்ததில் நான் அடித்த வெள்ளி நிறம் கரைந்து போயிருந்தது.

அதை என் மனைவி பார்த்தாள். "ஏங்க, நம்ம டைனமோ வெள்ளி மாதிரியில்ல இருந்துச்சு? இது என்ன கரிச்சட்டி மாதிரி இருக்கு?" என்றாள். கழுவியிருப்பார் என்றேன். பத்து நாளில் பேட்டரி மறுபடி கொதித்தபோது அவள் முடிவுக்கு வந்துவிட்டாள்.

தங்கைக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை. அதற்கு ஐந்து வயது முடியப்போகிறது, காதுகுத்து வைக்க வேண்டும். எங்களில் தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்துவார்கள். குழந்தை பிறந்த அன்றே, "அண்ணே, ஒன் மடியிலதான்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே தங்கை சொன்னாள். எனக்குப் பிள்ளை இல்லை. எந்த விசேஷத்திலும் என்னை முன்னால் கூப்பிட்டு உட்கார வைக்க யாருக்கும் காரணம் இருந்ததில்லை. அந்த ஒரு நாளுக்காக நான் ஐந்து வருடம் காத்திருந்தேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் உண்மை அதுதான்.

நாள் குறிப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் கூடினோம். மாப்பிள்ளையின் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் இருந்தார்கள். சாப்பிட உட்கார்ந்ததும் பேச்சு என் வண்டிக்கு வந்தது. மாப்பிள்ளையின் அக்கா என்னைப் பார்த்து, "ஒங்க வண்டிய நிறுத்தி வச்சே எங்க தம்பிக்கு வேற பொழப்பு ஓடலயாமே" என்று சிரித்தார். கேலிதான். முறைக்காரர்கள் கேலி பேசுவது வழக்கம்.

என் மனைவி சோற்றிலிருந்து கையை எடுத்தாள்.

"பொழப்பு எப்புடி ஓடும்? நல்ல டைனமோவ கழட்டி எடுத்துக்கிட்டு, எவன் வண்டியோடதையோ பழச மாட்டிவிட்டா பேட்டரி கொதிக்காம என்ன செய்யும்?"

தங்கை பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது. "என்ன அண்ணி சொல்றீங்க?"

"நம்மது வெள்ளிப் பெயிண்ட் அடிச்சது. இப்ப இருக்கிறது வேற. ஒங்கண்ணனையே கேளு."

தங்கை என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளையும் பார்த்தார். "நீங்க சொல்லுங்க மச்சான்" என்றார். குரலில் கோபம் இல்லை. நான் இல்லை என்று சொல்வேன் என்று நம்பிக் கேட்டார்.

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி சொன்னது தப்பு என்று எனக்குத் தெரியும். எல்லோர் முன்னாலும் அவளை மறுத்துப் பேச வேண்டும், அதற்கு முதல் வார்த்தை எது என்று தேடினேன். தேடி முடிப்பதற்குள் மாப்பிள்ளை எழுந்து கை கழுவப் போய்விட்டார். அவர் இலையில் சோறு அப்படியே இருந்தது. தங்கை, "சரிண்ணே" என்றாள். அவ்வளவுதான். கூச்சம் என்று நான் சொல்வதை மற்றவர்கள் ஒப்புதல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு ஆலங்குடிக் கடைக்குப் போக எனக்கு முகம் இல்லை. திருக்கோகர்ணத்தில் ஒரு எலக்ட்ரீசியன் இருப்பதாகப் பூக்கடைக்காரர் சொன்னார். என்னைவிடப் பத்து வயது இளையவர், வாய் ஓயாமல் பேசுகிறவர். ஓடுகிற வண்டியில் பேட்டரிக்கு மீட்டர் வைத்தார். பதினாறரை. "அட, பேட்டரியிலயே டீ போடலாம் போலயேண்ணே" என்றார். பிறகு ஒரு துண்டு ஒயரை எடுத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை ரெகுலேட்டரின் உடம்பிலும் வைத்தார்.

மீட்டர் பதினாலுக்கு இறங்கியது. ஒயரை எடுத்தார், ஏறியது. வைத்தார், இறங்கியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இந்தப் பொட்டி வண்டித் தகட்டோட ஒட்டி இருக்கணும்ணே. அதான் இதுக்கு எர்த்து. எர்த்து இல்லாட்டி பேட்டரி ரொம்பினது இதுக்குத் தெரியாது. பத்தல பத்தலன்னு நெனச்சு டைனமோவ வெரட்டிக்கிட்டே இருக்கும். எங்கயாச்சும் லேசாப் பட்டா கொஞ்ச நாளு சரியா ஓடும், வண்டி குலுங்குனா விட்டுரும்." பேசிக்கொண்டே போல்ட்டைக் கழற்றினார். வாஷரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாருண்ணே இந்தப் புண்ணியவான்? ரப்பர் வாஷர் போட்டு, அடியில பெயிண்டும் அடிச்சு வச்சிருக்கான்!"

நான் சிரித்தேன்.

"டைனமோ?" என்று கேட்டேன். "டைனமோ மாத்தியிருக்கா?"

அவர் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். "இல்லண்ணே, வண்டியோட வந்ததுதான். இங்கிட்டு மூலையில பாருங்க, வெள்ளிப் பெயிண்ட் கொஞ்சம் ஒட்டியிருக்கு. காயில் புதுசா சுத்தியிருக்காங்க. சுத்துனவரு நல்ல கைக்காரரு."

அவர் தகட்டைச் சுரண்டி வெறும் இரும்பாக்கி, ரெகுலேட்டரை மாட்டி, கூடவே ஒரு எர்த் ஒயரும் போட்டுக் கொடுத்தார். நான்கு வாஷரையும் என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். காய்ந்த துணிகளை மடித்து வைத்தாள். பிறகு, "சொல்லிட்டேன், சொன்னதுதான். இப்பப் போயி தப்புன்னு சொன்னா என்னைய என்னன்னு நெனைப்பாக? நீங்க அன்னைக்கே வாயத் தொறந்து என்னைய அடக்கியிருக்கணும்" என்றாள். அதுவும் நியாயம்தான்.

மறுநாள் சந்தை முடிந்ததும் ஆலங்குடிக்கு ஓட்டினேன். கடையில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று நின்றேன். அவர்கள் போனார்கள், வேறு இருவர் வந்தார்கள். மாப்பிள்ளையே வந்து, "என்ன வேணும்?" என்றார். மச்சான் என்று சொல்லவில்லை. ஹாரன் சரியாக இல்லை என்றேன். ஹாரன் நன்றாகத்தான் இருந்தது.

பானெட்டைத் திறந்தார். சுரண்டிய தகட்டையும் புது எர்த் ஒயரையும் பார்த்தார். அவர் தொழில் தெரிந்தவர், யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. நான் பையிலிருந்த நான்கு வாஷரையும் எடுத்து ரேடியேட்டர் மேல் வைத்தேன். என்னால் முடிந்த பேச்சு அதுதான்.

அவர் ஒன்றைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்தார். "போல்ட்ட ஒங்களையே மாட்டச் சொன்னது என் தப்புதான்" என்றார். பிறகு, "அதுக்கப்பறம் ஒங்க தங்கச்சி ரெண்டு நாளு சாப்புடல. என்னைய திருடன்னு சொன்னதுக்கு இல்ல. நீங்க பேசாம இருந்ததுக்கு" என்றார்.

மற்ற மூன்று வாஷரையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினேன்.

"நான் சொன்னா புருசன் தன்னக் காப்பாத்திக்கச் சொல்றான்னு ஆகும். இத நீங்களே அவகிட்ட சொல்லிருங்க."

நேராகத் தங்கை வீட்டுக்குத்தான் போனேன். குழந்தை ஓடி வந்தது. என்னை அது வெறும் மாமா என்று கூப்பிடாது, பூ வண்டி மாமா என்றுதான் கூப்பிடும். எனக்காகச் சேர்த்து வைத்திருந்த கதை ஒன்றை அது சொல்லத் தொடங்கியது. தங்கை வாசற்படியில் நின்று, "என்னண்ணே?" என்றாள். உட்காரச் சொல்லவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "சும்மா, இந்தப் பக்கம் வந்தேன்" என்றேன். குழந்தையின் கையில் ஒரு முழம் பூவைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு மாதத்தில் காதுகுத்துப் பத்திரிகை வந்தது. கொண்டுவந்து கொடுத்தது தங்கை இல்லை, என் பெரியப்பா மகன். தாய்மாமன் என்ற இடத்தில் அவர் பெயர் அச்சாகியிருந்தது. "எனக்கே சங்கடமாத்தான் இருக்கு. ஆனா மாப்பிள்ளையப் பாத்து நீ அப்புடிச் சொல்லியிருக்கக் கூடாதுப்பா" என்றார். நான் சொல்லவில்லை என்று அவரிடமும் சொல்லவில்லை.

மனைவி வரவில்லை. நான் மட்டும் போனேன். கோயில் மரத்தடியில் கூட்டமாக நின்றார்கள். நான் பின்வரிசையில் நின்றேன். குழந்தைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசி, பெரியப்பா மகன் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை திமிறியது. "பூ வண்டி மாமா, பூ வண்டி மாமா" என்று கத்தி அழுதது. "அட, மாமா மடியிலதானே இருக்கே" என்று யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளை தலையைத் தூக்கி, கூட்டத்துக்குள் தேடி, என்னைக் கண்டுபிடித்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கும் குழந்தைக்கும் நடுவில் பத்தடி இருக்கும். வாஷர் விஷயத்தை அவர் தங்கையிடம் சொல்லவில்லை என்று எனக்கு அப்போது தெரிந்தது. நான் சொல்வேன் என்று இன்னும் காத்திருக்கிறார் என்றும் தெரிந்தது.

இரண்டு காதும் குத்தி முடிந்தது. கூட்டம் கலைந்தபோது தங்கை என்னைக் கடந்து போனாள். நின்று, "சாப்ட்டுப் போங்கண்ணே" என்றாள். பிறந்ததிலிருந்து அவள் என்னைப் போங்க என்று சொன்னதில்லை.

பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். வெளியே வந்து சாவியைத் திருப்பினேன். வண்டி ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. மாப்பிள்ளை சுற்றிய காயில் அது. இன்றுவரை ஒரு நாள்கூட மக்கர் செய்யவில்லை.