எட்டாத சுருதி

நான்கு வருடங்களுக்கு முன், தவக்காலத்தில், புதுச்சேரியில் எங்கள் பங்குக் கோயிலில் நடந்தது இது. வீட்டில்கூட இதுவரை முழுதாகச் சொன்னதில்லை.

இருபது வருடங்களுக்கு மேல் ஞாயிறு பூசையில் தனியாக நின்று திருப்பாடல் பாடியவள் நான். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு தொண்டை கம்மிப்போனது. பேச்சு வந்தது, பாட்டு வரவில்லை. போன குரலை ஆண்டவர் திருப்பித் தருவார் என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பி, தினமும் காலையில் முழங்கால் போட்டுக் கேட்டேன். ஒரு வருடம் போனது. சாமியார் என் இடத்துக்கு வேறொருத்தியைத் தேர்ந்தெடுத்தார்.

சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறவள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். "நீங்களே சொல்லிக் குடுங்களேன்" என்று சாமியார் கேட்டபோது மறுக்க முடியவில்லை. ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்து, பெரிய மார்க்கெட்டில் எனக்கென்று ஒரு முழம் மல்லிகையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். அவள் பாடிக் கேட்ட முதல் நாளே எனக்கு வயிறு எரிந்தது. அவ்வளவு நல்ல குரல்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிற்றுக்கான பாட்டை, அவள் குரலுக்கு எட்டாத சுருதியில் வேண்டுமென்றே பழக்கினேன். கீபோர்டு வாசிப்பவரிடமும் அதையே சொல்லி வைத்தேன்.

"மேல போவும்போது கஷ்டமா இருக்குதுக்கா."

"பாடப் பாட வந்துடும்" என்றேன்.

வரவில்லை. குருத்தோலைகளோடு கோயில் நிறைய ஜனம். மூன்றாவது அடியில் அவள் குரல் கிறீச்சிட்டு அப்படியே நின்றுபோனது. பின்னால் யாரோ சிரித்தார்கள். முகம் செத்துப்போய், மீதியை வசனமாக வாசித்துவிட்டு இறங்கினாள். சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்த எனக்கு, அதன் பிறகு பூசையில் ஒரு ஜெபம்கூட வாயில் வரவில்லை.

பூசை முடிந்ததும் சாமியார் என்னிடம்தான் வந்தார். "இன்னாம்மா ஆச்சி?"

நான் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "அக்கா நல்லாதான் சொல்லிக் குடுத்தாங்க ஃபாதர். நான்தான் சரியா பழகல."

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் பூவோடு வந்து நின்றாள். அதை வாங்கக் கை நீளவில்லை. "நான் வேணும்னுதான் அப்படிப் பழக்குனேன்" என்று சொல்லிவிட்டேன்.

பூவை என் பக்கத்தில் வைத்தாள். "பாடும்போதே தெரிஞ்சிடுச்சிக்கா. ராத்திரியெல்லாம் அழுதேன், கோவமும் வந்துது. ஆனா உங்க எடத்துல இன்னொருத்தி வந்து நின்னா உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்றாள். பிறகு, "ஈஸ்டருக்கு அஞ்சே நாள்தான் இருக்குது. இன்னைக்கி கீழேர்ந்து ஆரம்பிங்கக்கா" என்று பாயில் உட்கார்ந்தாள்.

எனக்கு அழுகை நிற்கவே நேரமாகிவிட்டது.

ஈஸ்டர் காலைப் பூசையில், கடைசி பெஞ்சில் ஒதுங்கி உட்கார்ந்திருந்த என்னை அவளே வந்து கைப்பிடித்து அழைத்துப்போய், பாடகர் குழுவில் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். அன்று அவள் பாடியதைப்போல் நான் ஒருநாளும் பாடியதில்லை.

என் குரல் இன்னும் திரும்பவில்லை. ஆண்டவர் இழந்ததைத் திருப்பித் தருவார் என்று இப்போதும் நம்புகிறேன்; ஆனால் அந்தக் குழுவில் எனக்கிருந்த இடத்தை, நான் அவமானப்படுத்தியவளின் கையாலேயே அவர் திருப்பித் தந்ததை நினைத்தால், இன்றும் தலை தானாகக் குனிந்துவிடுகிறது.