புதுக் கிழங்கின் முதல் துண்டு

போன ஆவணியில் என் மகள் தான் கட்டிக்கொள்ள நினைத்தவரை வீட்டுக்கு அழைத்து வந்தாள். துபாயில் இருவருக்கும் ஒரே ஹோட்டலில் வேலை. அவர் நைஜீரியாக்காரர், இக்போ இனம். ஹல்துமுல்லையில் பஸ்ஸை விட்டு இறங்கி இருவரும் மேலே ஏறி வருவதற்குள் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து ஜனம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

அவர்கள் ஊரில் கிழங்குதான் பெரிய சாப்பாடு என்று மகள் போனில் சொல்லியிருந்தாள். அதனால் கொடி காய்வதற்கு முன்பே ராசவள்ளிக் கிழங்கைத் தோண்டி அவித்து, கோழிக் குழம்போடு வைத்தேன். அவர் சந்தோஷமாகக் கை கழுவி உட்கார்ந்தார். இந்த வருஷத்து முதல் கிழங்கு, உங்களுக்காகவே தோண்டியது என்று மகள் பெருமையாகச் சொன்னாள். நீட்டிய கையை அவர் மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்குப் பகீரென்றது. சம்பந்தம் பிடித்தால்தானே எங்களில் கை நனைப்பார்கள்? எங்கள் கையில் தண்ணீர் வாங்கிக் குடிக்க யோசித்தவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். கடல் கடந்து வந்தவருமா இப்படி என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாரித் தாயே, இந்த மனுஷன் ஒரு வாய் சாப்பிட்டால் போதும், என் பிள்ளை மானம் தப்பட்டும் என்று வேண்டினேன்.

"ஏன்டி, நம்ம வீட்டுல சாப்பிட மாட்டாராமா?"

மகள் அவரிடம் இங்கிலீஷில் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அப்படியில்லம்மா. அவங்க ஊர்ல புதுக் கிழங்கை வீட்டுக்குப் பெரியவங்க சாமிக்கு வச்சு, முதல் துண்டச் சாப்பிடுவாங்களாம். அன்னைக்குத் திருவிழாவாம். அதுவரைக்கும் யாரும் தொடமாட்டாங்களாம். இந்த வீட்டுக்குப் பெரியவங்க நீங்கதானேன்னு கேக்குறாரு."

அவர் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் இதை மட்டும் விட மாட்டாராம். அங்கே அதைச் செய்வது அவருடைய அப்பா. என் புருஷன் போன பிறகு இங்கே பெரியவள் நான்தான், ஆனால் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. கிழங்கை மட்டும் தனித் தட்டில் எடுத்து, மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்துச் சூடம் கொளுத்தினேன். ஒரு துண்டை வாயில் போட்டேன்.

பிறகு அவர் சாப்பிட்டார். குழம்பை வழித்து வழித்துச் சாப்பிட்டார். கை நனைச்சிட்டாரு என்று வாசலில் யாரோ சொல்ல, சிரித்துக்கொண்டே கலைந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இனி என் பிள்ளை அவருடைய வீட்டுப் பிள்ளை. அடுத்த புதுக் கிழங்குக்கு, அவ்வளவு தூரத்தில், அவருடைய அப்பா சாப்பிடும்வரை காத்திருப்பாள். நானே வேண்டிக்கொண்டது. யாரை நோவது?

இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லி அவர் தட்டை நீட்டினார். வைத்தேன்.