பாரில நிக்கிறன்

செல்வரத்தினத்துக்கு 'இத்தாலிக்காரன்' என்று பட்டம் வைத்தது லண்டன் தோர்ண்டன் ஹீத் கடைக்காரத் தில்லையம்பலம்தான். அந்த மனிசனுக்கு வாய் சும்மா கிடவாது. வெண்டிக்காயை நிறுத்துக்கொண்டே, "என்ன செல்வண்ணை, இந்தக் கிழமையும் பயணமோ? இத்தாலிக்காரி சுகமாய் இருக்கிறாவோ?" என்பார். கடையில் நிற்கிற சனம் கெக்கட்டம் விட்டுச் சிரிக்கும். செல்வரத்தினமும் ஒப்புக்கு ஒரு சிரிப்பைச் சிரித்துப்போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

அவர் சட்டன் ஸ்டேசனில் டிக்கெட் விற்கிறவர். மூன்று நாலு மாதத்துக்கு ஒருக்கா, வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்த கையோடு கட்விக்குக்குப் போய்ப் பிளேன் ஏறுவார். ஞாயிறு பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடுவார். திங்கள் காலை பழையபடி கண்ணாடிக்குப் பின்னால் இருப்பார். கூடுதலாக இத்தாலி, இடைக்கிடை பாரிஸ், ஒருமுறை சூரிச். போனது எல்லாம் தனியத்தான். 1990இல் தொடங்கி ஆறு வருசம் இப்படி ஓடித் திரிந்தார்.

மனைவி சிவகௌரிக்கு இது பெரிய மனவருத்தம். "இஞ்சேருங்கோ, ரோமாபுரியை நானும் ஒருக்காப் பாத்தால் என்ன குடியோ முழுகிப்போகும்?" என்று முதல் வருசம் கேட்டாள். "உமக்கு உவ்வளவு தூரம் நடக்க ஏலாது" என்றார். பச்சைப் பொய்! இரண்டு கையிலும் சாமானோடு குறொய்டனிலிருந்து வீட்டுக்கு நடந்து வருகிறவள் அவள். இரண்டாம் வருசம் திருப்பிக் கேட்டாள். மூன்றாம் வருசம் கேட்பதை விட்டுவிட்டாள்.

வெறுங்கையோடு வந்தால் சந்தேகம் வரும் என்று ரோம் விமான நிலையத்தில் அவசரத்துக்குக் கையில் அகப்பட்டதை வாங்கிவருவார். அப்படியே வீட்டுச் சோகேஸில் மூன்று சாய்ந்த கோபுரப் பொம்மை சேர்ந்துவிட்டது. அந்தக் கோபுரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றும் மனிசனுக்குத் தெரியாது. "அந்த நாட்டில வேற ஒண்டுமே விக்கிறேல்லையோ?" என்று கௌரி கேட்டதற்கு, தேத்தண்ணியைக் குடித்தபடி தலையை ஆட்டினார்.

ஊர் பார்க்கவா போனார் அவர்? தம்பியைத் தேடிப் போனார். அதை வாய்விட்டுச் சொல்ல ஏலாமல் போனதுக்குக் காரணம் ஒரு டெலிபோன்.

1987 கார்த்திகை. அப்போது அவரும் கௌரியும் ஆர்ச்வேயில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தம்பி குருமூர்த்தி, வீட்டில் கூப்பிடுகிற பேர் மூர்த்தி, இருபத்துநாலு வயசு. ஏஜென்சிக்காரனை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, வெளிநாட்டுக்குப் போக லொட்ஜில் காத்துக்கொண்டிருந்தான். அங்கே அவன் குடிக்கப் பழகிவிட்டான், பாருக்குப் போய்வருகிறான் என்று மாமா ஒருத்தர் செல்வரத்தினத்துக்குக் காகிதம் எழுதியிருந்தார். கடையோ கோயிலோ, குடித்தவன் நிற்கிற பக்கமே மிதியாத மனிசன் செல்வரத்தினம். காகிதத்தைப் படித்த நாளிலிருந்து வயிறு எரிந்துகொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். கௌரி முருகன் கோயிலுக்குப் போயிருந்தாள். விடிய ஷிப்ட் செய்த களைப்பில் அவர் கண்ணயர, போன் அடித்தது.

"அண்ணை! நான் மூர்த்தி. பாரில நிக்கிறன். என்னைக் கெதியா எடுங்கோ அண்ணை."

பின்னால் கோப்பைச் சத்தம். ஆம்பிளையள் கூச்சல் போட்டுச் சிரிக்கிற சத்தம். லண்டனில் அதைப் பப் என்பார்கள், கொழும்பில்தான் பார். ஆகவே இவன் இன்னும் கொழும்பில்தான் கிடக்கிறான், வெறியில் நின்று தன்னை லண்டனுக்கு எடுக்கச் சொல்லிக் கேட்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்.

"பாரிலயோ? வெக்கமில்லையோடா உனக்கு? நல்லது, அங்கயே நில்லு!" என்று கத்திப்போட்டு, போனை அடித்து வைத்தார்.

அட மனிசா! நாள் முழுக்க வெள்ளைக்காரன் வாய்க்குள் முணுமுணுக்கிறதைக் கேட்டு டிக்கெட் கிழிக்கிறவனல்லவா நீ? கென்ட் பக்கம் ஒரு ஹேய்ஸ் ஸ்டேசன், ஹீத்ரோப் பக்கம் இன்னொரு ஹேய்ஸ். ஆள் இடம் மாறிப் போய்விடக் கூடாதென்று கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்து, "மன்னிக்கோணும், எங்கே? இன்னொருக்காச் சொல்லுங்கள்" என்று ஒரு நாளைக்கு இருநூறு தரம் கேட்கிறவன். முன்பின் தெரியாதவனைக் கேட்ட கேள்வியைக் கூடப்பிறந்தவனை ஒருக்காக் கேட்டிருந்தால் உன் வாய் அழுகியா போயிருக்கும்?

கோயிலால் வந்த கௌரியிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கோபம் ஆறினதும் தம்பி திருப்பி எடுப்பான், அப்போது தன்மையாய்ப் பேசுவோம் என்று எண்ணினார். போன் வரவில்லை. அடுத்த மாதம் தோர்ண்டன் ஹீத்துக்கு வீடு மாறினார்கள், நம்பரும் மாறிப்போயிற்று. கொழும்பில் விசாரித்தால், அவன் ஐப்பசியிலேயே புறப்பட்டுவிட்டானாம், ஏஜென்சிக்காரனையும் காணோமாம். அப்படியென்றால் அந்தப் போன் எந்தப் பாரிலிருந்து வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிற காகிதமெல்லாம் ஒரே கேள்விதான்: தம்பி உன்னோடை கதைச்சவனோ? இல்லையம்மா என்று அவர் பதில் எழுதினார். முதல் தரம் எழுதினதைக் கிழித்துப்போட்டுத் திருப்பி எழுதினார். பிறகு பழகிவிட்டது.

பிறகு அந்த 1990ஆம் ஆண்டு ஆடிமாதச் சனிக்கிழமை. உலகக் கிண்ணப் போட்டி இத்தாலியில் நடந்தது. இங்கிலாந்துக்கும் இத்தாலிக்கும் மூன்றாமிடத்துக்கான ஆட்டம். லண்டன் முழுக்க டீவிக்கு முன்னால். செல்வரத்தினமும் கடலைத் தட்டோடு இருந்தார். ஆட்டம் நடக்கிற ஊரின் பேரைத் திரையில் போட்டார்கள். பாரி. வர்ணனைக்காரனும் வாய் நிறையச் சொன்னான், பாரி என்று.

கடலைத் தட்டு மடியில் கவிழ்ந்தது.

பாரில நிக்கிறன். பாரியில நிக்கிறன் என்றல்லவா அந்தப் பிள்ளை சொன்னான்! கிரேக்கத்திலிருந்து சனத்தைக் கப்பலேற்றி அந்தத் துறைமுகத்தில்தான் இறக்கிவிட்டுப்போறவங்கள் என்று வேறு ஆட்கள் கதைத்ததும் இப்போது நினைவுக்கு வந்தது. குசினியிலிருந்து கௌரி ஓடிவந்து, "என்ன, கோலோ?" என்று கேட்டாள். "ஓம்" என்றார்.

சொல்லியிருக்கலாம். மூன்று வருசம் மறைத்ததை இப்போது எந்த முகத்தோடு சொல்வது? தம்பியைக் கண்டுபிடித்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, இந்தா என்று நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டார். ஊர் பார்க்கப் போகிறேன் என்று பிளேன் ஏறினார்.

ரோமில் இறங்கி, ரயிலில் ஆறு மணித்தியாலம் குந்தியிருந்து பாரிக்குப் போவார். தம்பியின் படத்தைப் பொலிசில் காட்டினார், மாதா கோயில்களில் காட்டினார், துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களிடம் காட்டினார். பாரியில் இல்லையென்றால் நேப்பிள்ஸ், பலெர்மோ, பிறகு பாரிஸ் தமிழ்க் கடைகள், சூரிச்சில் ஒரு அகதி முகாம். கொலோசியத்தைப் பஸ் ஜன்னலால் கண்டதோடு சரி. சாப்பாடு கௌரி கட்டிக்கொடுத்த இடியப்பம், முடிந்தால் பிஸ்கட். தேத்தண்ணி பிளாஸ்கில். ஏனென்றால் அந்த நாட்டில் முடக்குக்கு முடக்கு 'பார்' என்று போர்டு தொங்கியது. பாரி ஸ்டேசன் வாசலுக்கு நேர் எதிரேயும் ஒன்று. அதன் வாசலைத் தாண்டும்போதெல்லாம், என்ன குடிகார நாடப்பா இது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

1993இல் யாழ்ப்பாணத்தில் அம்மா செத்துப்போனா. கடைசிக் காகிதத்திலும் அதே கேள்வி இருந்தது.

1996 ஐப்பசியில் பாரியின் மாதா கோயில் ஒன்றில் வெள்ளை உடுப்போடு ஒரு கறுத்த முகம் அவரைப் பார்த்து, "அண்ணை தமிழோ?" என்று கேட்டது. சிஸ்டர் பெர்னடெற். மன்னார்ப் பெண், மடத்துக்கு வந்து மூன்று மாதம்தான். படத்தைக் காட்டினார். சிஸ்டருக்கு அவனைத் தெரியாது, ஆனால் விசாரிக்கத் துணையாய் வந்தா. ஸ்டேசனடிக்கு வரவும் மழை கொட்டத் தொடங்கியது.

"வாங்கோ அண்ணை, உதுக்குள்ள போய் ஒரு கோப்பி குடிப்பம்."

"சிஸ்டர், அது பார்."

"ஐயோ அண்ணை! இஞ்ச பார் எண்டால் எங்கட தேத்தண்ணிக்கடை மாதிரித்தான். நாங்களே வாறனாங்கள்."

உள்ளே போனார். கோப்பைகள் மோதுகிற சத்தம். ஆம்பிளையள் கூச்சல் போட்டுச் சிரிக்கிற சத்தம். சுவரில் ஒரு போன். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

கோப்பி ஊற்றிக்கொண்டிருந்த கிழவர் படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு செல்வரத்தினத்தின் முகத்தைப் பார்த்தார். மிசினை நிற்பாட்டிவிட்டு வெளியே வந்து, அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். சிஸ்டர் மொழிபெயர்க்காமல் நின்றா.

"என்ன கேக்கிறார்? சொல்லுங்கோ சிஸ்டர்."

"லண்டன் அண்ணை நீங்களோ எண்டு கேக்கிறார். ஏன் இவ்வளவு பிந்தினீங்கள் எண்டு கேக்கிறார்."

கிழவர் சொல்லச் சொல்ல, சிஸ்டர் தமிழில் சொன்னா. மூர்த்தி அந்தப் போனில் கதைத்துவிட்டு, சிரித்துக்கொண்டு வந்தானாம். லைன் சரியில்லை, கடைசியாய்ச் சொன்னது மட்டும்தான் கேட்டது, அண்ணை என்னை அங்கயே நிக்கச் சொன்னவர், வாறார் என்று ஆடிப்பாடினானாம். ஒரு மாதம் கழித்துத் திருப்பி எடுத்தால் அந்த நம்பரில் வேறு ஆள். யாழ்ப்பாணத்தில் சண்டை, எழுதின காகிதம் போய்ச் சேரவில்லை. கிழவருக்குக் கோப்பை கழுவிக்கொண்டு கடைக்குப் பின்னால் படுத்தான். கூட வந்த பெடியள் சுவிஸுக்குப் போக அவனையும் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டான். நான் வெளிக்கிட்டபிறகு அண்ணை வந்து நிண்டால் என்ன செய்வார், பாவம், அவருக்கு இந்தப் பாஷை தெரியாது என்றானாம். ரோம் ரயில் வருகிற நேரமெல்லாம் வாசலில் போய் நிற்பானாம். மழையென்றும் பாரான், பனியென்றும் பாரான். 1989 மாசியில் நெஞ்சுச் சளி காய்ச்சலாகி, ஆஸ்பத்திரியில் ஆறாம் நாள் முடிந்துபோனான்.

டீவியில் ஊர்ப் பேரைக் கண்டபோது அவன் செத்து ஒரு வருசமும் அஞ்சு மாதமும். ஆறு வருசமாய் இந்த வாசலைத்தான் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்து போயிருக்கிறார்.

கிழவர், மூர்த்தியைப் புதைத்த சவக்காலைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போகக் கடையைப் பூட்ட ஆயத்தமானார். செல்வரத்தினம், "பொறுங்கோ, வீட்டை ஒருக்காக் கதைக்கோணும்" என்றார். கிழவரே நாணயத்தைப் போட்டு, அந்தச் சுவர்ப் போனை எடுத்துக் கையில் தந்தார். தோர்ண்டன் ஹீத்தில் கௌரி எடுத்தாள்.

"கௌரி, நான்தான். பாரில நிக்கிறன்."

சொன்ன பிறகுதான் தன் வாயில் வந்தது என்னவென்று அவருக்கே விளங்கியது. பின்னால் கோப்பைச் சத்தம், ஆட்களின் சிரிப்பு. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, போன் அடித்து வைக்கிற சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"ஒரே இரைச்சலாய்க் கிடக்கு, விளங்கேல்லை" என்றாள் கௌரி. "எங்க எண்டனீங்கள்? திருப்பிச் சொல்லுங்கோ."

செல்வரத்தினம் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, கடை முழுக்கத் திரும்பிப் பார்க்க, குழறி அழுதார். கௌரி போனை வைக்காமல் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"என்னப்பா, ஏன் அழுறியள்? எங்க நிக்கிறியள்? இடத்தைச் சொல்லுங்கோ, நான் வாறன்."